கனவில் மாமியாரை அறைந்தேன்: அவள்தான் நிஜமான நானா?

வாசகியின் கடிதம்:

டாக்டருக்கு வணக்கம். எனக்கு வயது 47. கரூர் பக்கம் ஒரு கூட்டுறவு வங்கியில் கிளார்க்காக இருக்கிறேன். கல்யாணமாகி 24 வருஷம், இரண்டு பிள்ளைகள். மாமியார் எங்களோடுதான் இருக்கிறார். வீட்டிலும் ஆபீசிலும் எனக்கு ‘அமைதியானவள்’ என்று பெயர். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நாலைந்து மாதமாகக் கனவு நிறைய வருகிறது. கனவில் எனக்குப் பத்தொன்பது, இருபது வயது. அம்மா வீட்டில் தாவணியோடு இருக்கிறேன். முட்டி வலி கிடையாது, மாடிப்படியில் ஓடுகிறேன். இறந்து பதினோரு வருஷமான அப்பா திண்ணையில் பேப்பர் படிக்கிறார். அவர் இறந்தவர் என்று அங்கே எனக்குத் தோன்றுவதே இல்லை. அதைவிட, எனக்கு வீட்டுக்காரர் இருக்கிறார், பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பது ஒருநாளும் ஞாபகம் வந்ததில்லை. எழுந்த பிறகு பிள்ளைகள் முகத்தைப் பார்க்கவே ஒரு மாதிரி இருக்கிறது.

போன மாதம் ஒரு கனவு. மாமியார் எங்கள் அம்மா வீட்டுக்கு வருகிறார். என் கையில் அப்பா பேர் வெட்டிய எவர்சில்வர் டம்ளர். அதைப் பிடுங்குகிறார். ஓங்கி அறைந்துவிட்டேன். கொஞ்சம்கூட வருத்தம் வரவில்லை. அன்று காலை அவருக்குக் காபி கொடுக்கும்போது கை நடுங்கி டபராவெல்லாம் சிந்திவிட்டது. நிஜத்தில் அவரிடம் நான் குரலை உயர்த்தியதுகூட இல்லை. போகிக்குப் பழைய பாத்திரங்களை எடைக்குப் போட்டார், அந்த டம்ளரும் அதோடு போனது, அதற்குக்கூட நான் எதுவும் சொல்லவில்லை. ஆபீஸ் தோழி ஒருத்தி, ‘கனவுல வர்றதுதான்டி உண்மையான மனசு’ என்கிறாள். அப்படியென்றால் இத்தனை வருஷம் நடித்துக்கொண்டா இருந்தேன்? எது நான்?

மைக்ரேனுக்கு ஆறு மாதமாக ப்ரொப்ரனலால் எடுக்கிறேன். வேறு மருந்து இல்லை. எங்கள் தெருவில் மூன்று நாளைக்கு ஒருமுறை காலை நாலரைக்குத் தண்ணீர் வரும். பிடித்து வைத்துவிட்டு ஆறு மணி வரை மறுபடி படுப்பேன். அந்தத் தூக்கத்தில்தான் பெரும்பாலும் இந்தக் கனவுகள்.

பி.கு.: அப்பா கடைசி நாளில் ஆக்சிஜன் மாஸ்க்குக்குள் என்னிடம் ஏதோ சொன்னார். புரியவில்லை. கனவில் அவரைப் பார்த்தால் அதைக் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே படுக்கிறேன். அங்கே போனதும் மறந்துவிடுகிறது. ஞாபகம் வர வழி உண்டா?

மனநல மருத்துவரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் தடவை கனவில் நீங்கள் விட்ட அறைதான் கண்ணில் பட்டது. இரண்டாவது தடவை டம்ளர், தண்ணீர்க் குழாய், மாத்திரை மூன்றும் கண்ணில் பட்டன. நீங்கள் போகிறபோக்கில் எழுதிய இந்த மூன்றில்தான் பதிலில் பாதி இருக்கிறது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் உங்கள் தோழி சொன்னது. நம்மில் பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். பகலில் போட்டிருப்பது வேஷம், ராத்திரி அதைக் கழற்றிவைத்தால் உள்ளே இருக்கிற நிஜ ஆள் வெளியே வந்துவிடுவார் என்று. தூங்கும்போது சில விஷயங்கள் கழன்றுபோவது உண்மைதான். ஆனால் கழன்றுபோவது எதுவென்று பார்க்க வேண்டாமா? நேற்று நடந்த நினைவு, இன்றைக்கு என்ன தேதி என்ற கணக்கு, ‘இது எப்படி சாத்தியம்?’ என்று கேட்கும் புத்தி, செய்வதற்கு முன் ஒரு நொடி நிறுத்தும் நிதானம். இவற்றை எல்லாம் எடுத்துவிட்டு மிச்சமிருப்பவளை ‘உண்மையானவள்’ என்று எப்படிச் சொல்வது?

நீங்கள் வங்கியில் இருப்பதால் உங்கள் பாஷையிலேயே சொல்கிறேன். ஒருநாள் காலையில் கிளையைத் திறக்கிறீர்கள். ‘லிங்க் இல்லை.’ மேனேஜர் லீவு. கேஷியர் மட்டும் கவுன்டரில் உட்கார்ந்திருக்கிறார், மேஜை டிராயரில் இருக்கிற பணத்தை வைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருக்கிறார். யாருடைய கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது, பார்க்க வேண்டும் என்றும் தோன்றாது. அதே வங்கிதான், அதே கட்டடம்தான். கணக்குகளும் அழிந்துவிடவில்லை. ஆனால் அன்றைக்கு நடந்ததை வைத்து ‘இந்த வங்கியின் உண்மையான குணம் இதுதான்’ என்று யாராவது எழுதினால் நீங்கள் ஒத்துக்கொள்வீர்களா?

இது உவமைக்காகச் சொன்னது மட்டும் இல்லை. 1953இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் அசெரின்ஸ்கி, கிளைட்மன் என்ற இருவர், தூக்கத்தின் ஒரு கட்டத்தில் மூடிய இமைக்குள் கண்விழி வேகமாக அசைவதையும், அப்போது எழுப்பினால் பெரும்பாலானோர் கனவு சொல்வதையும் பதிவு செய்தார்கள். அதைத்தான் ரெம் தூக்கம் என்கிறோம். மற்ற நேரத் தூக்கத்திலும் கனவு உண்டு. ஆனால் கதையும் காட்சியுமாக, உணர்ச்சி கொப்பளிக்க வருகிற கனவுகளில் பெரும்பாலானவை இந்த ரெம் கட்டத்தைச் சேர்ந்தவை. 1990களின் பிற்பாதியில் இந்த நேரத்து மூளையை, எந்தப் பகுதி எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் பெட் ஸ்கேனில் பார்த்தார்கள். உணர்ச்சியோடு தொடர்புடைய உட்பகுதிகள் விழித்திருக்கும்போது இருப்பதைவிடக்கூட சுறுசுறுப்பாக இருந்தன. நெற்றிக்குப் பின்னால், பக்கவாட்டில் இருக்கிற முன்மூளைப் பகுதி மட்டும் மங்கியிருந்தது. திட்டமிடுவது, சரிபார்ப்பது, கையிலிருக்கிற விஷயத்தை நினைவில் பிடித்து வைப்பது எல்லாம் அந்தப் பகுதியின் வேலை. மேனேஜர் லீவு என்றேனே, அவர் உட்காரும் இடம் அதுதான்.

இனி, பிள்ளைகளை மறந்த விஷயம். உங்களை அதிகம் உறுத்துவது அறை இல்லை, இதுதான் என்று நினைக்கிறேன்.

என் கதையையே சொல்கிறேன். நான் டாக்டராகி இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. இன்னமும் வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை கனவில் எனக்கு அனாடமி பரீட்சை. ஹால் டிக்கெட் கிடைக்கவில்லை, வராந்தாவில் ஓடுகிறேன், கதவைச் சாத்திவிட்டார்கள். ஒரே ஒரு தடவையாவது, ‘யோவ், நான்தான் பாஸ் பண்ணி கிளினிக் நடத்திக்கொண்டிருக்கிறேனே’ என்று கனவுக்குள் எனக்குத் தோன்றியதா என்றால், இல்லை. என் மனைவி, மகள், வீட்டுக் கடன் எதுவும் அங்கே கிடையாது. அதனால் எனக்கு அவர்கள்மேல் பிரியம் இல்லை என்று ஆகிவிடுமா? வீட்டுக் கடன்மேல் இல்லை என்பது வேறு விஷயம்.

நம் வாழ்க்கையை நாம் ஒரு தொடர்ச்சியாக நினைவு வைத்திருக்கிறோம். பிறந்தது, படித்தது, கல்யாணம், முதல் பிரசவம், அப்பா போனது எல்லாம் வரிசையாக இருக்கின்றன. விழித்திருக்கும்போது ‘நான்’ என்று நினைத்த மாத்திரத்தில் அந்த வரிசை முழுவதும் பின்னால் வந்து நிற்கிறது. கனவில் அந்த வரிசை வருவதில்லை. துண்டுகள் மட்டும் வருகின்றன. 2003இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 299 கனவுக் குறிப்புகளை எடுத்துக்கொண்டு, அவற்றில் விழிப்பு வாழ்க்கை எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தார்கள். பாதிக்கு மேற்பட்டவற்றில் ஏதாவது ஒரு துண்டு இருந்தது. நடந்த சம்பவம் நடந்தபடியே திரும்பி வந்தது நூற்றுக்கு ஒன்று, இரண்டு மட்டுமே. திண்ணை வரும், பேப்பர் வரும், அப்பாவின் தோள் வரும். ‘அப்பா இறந்து பதினோரு வருஷம்’ என்ற வரி மட்டும் வராது. தாவணி கட்டிய உங்களுக்கு அம்மா வீடு வந்துவிட்டது. அந்த வீட்டில் தாவணியோடு இருந்தவளுக்குப் பிள்ளைகள் கிடையாது. அவ்வளவுதான் கணக்கு.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். 2000ஆம் ஆண்டில் ஹார்வர்டில் ராபர்ட் ஸ்டிக்கோல்டும் சகாக்களும் சிலரைக் கூப்பிட்டு டெட்ரிஸ் விளையாட வைத்தார்கள். அதுதான், மேலிருந்து கட்டைகள் விழ விழ அடுக்கும் கம்ப்யூட்டர் விளையாட்டு. விளையாடியவர்களில் ஐந்து பேர் மறதி நோயாளிகள். மூளையில் ஏற்பட்ட சேதத்தால் புதிதாக எதுவும் நினைவில் தங்காது. விளையாடியதையே மறந்துவிட்டார்கள், விளையாட வைத்தவரையும் அடையாளம் தெரியவில்லை. ஆனால் தூக்கம் கண்ணைச் சுற்றும் நேரத்தில் எழுப்பிக் கேட்டால், அவர்களில் மூன்று பேர், ஏதோ வடிவங்கள் விழுகின்றன, திரும்புகின்றன என்றார்கள். ‘இதை நான் செய்தேன்’ என்ற அறிவு இல்லாமலே, செய்தது மட்டும் வந்து நிற்கிறது. இந்த ஆய்வைப் படித்த நாளிலிருந்து எனக்கு ‘நான்’ என்ற சொல்மேல் கொஞ்சம் மரியாதை குறைந்துவிட்டது. ஒரே உருண்டையாக இருக்கிறது என்று நாம் நினைப்பது, உண்மையில் பல இழைகளை முறுக்கிய கயிறு. தூக்கத்தில் முறுக்கு தளர்கிறது.

முட்டி வலி இல்லாமல் ஓடினீர்களே, அதுவும் அந்த இழைகளில் ஒன்று. உடம்பிலிருந்து வரும் செய்தி ரெம் தூக்கத்தில் மூளைக்கு அவ்வளவாக எட்டாது. மூளையிலிருந்து உடம்புக்குப் போகும் உத்தரவும் தண்டுவடத்திலேயே தடுக்கப்படுகிறது, அதனால்தான் கனவில் ஓடினாலும் கட்டிலில் கால் அசைவதில்லை. மூளை தன்னிடம் இருக்கிற உடம்பின் வரைபடத்தை வைத்துக்கொண்டு ஓடுகிறது. காலை இழந்த பலர் கனவில் இரண்டு காலோடு நடக்கிறார்கள். பிறந்ததிலிருந்தே நடக்க முடியாதவர்கள்கூடக் கனவில் நடப்பதாகச் சொன்னது 2011இல் வந்த ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது.

கனவில் ‘நான்’ என்று ஒருவர் வருவதே நாம் வளர வளரக் கிடைப்பது. டேவிட் ஃபூக்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 3 வயதிலிருந்து 15 வயது வரை பிள்ளைகளைத் தூக்க ஆய்வகத்தில் படுக்க வைத்து, எழுப்பி எழுப்பிக் கேட்டார். ஐந்து வயதுக்குக் கீழே உள்ளவர்கள் எழுப்பினால் பெரும்பாலும் கனவே சொல்லவில்லை. சொன்னாலும் ஒரு மிருகம் நிற்கிறது, ஒருவர் சாப்பிடுகிறார் என்று அசையாத படம் மாதிரி ஏதாவது ஒன்று. தானே உள்ளே நுழைந்து ஓடி ஆடும் கனவு ஏழெட்டு வயதுக்கு மேல்தான் வந்தது. ஆக, கனவில் வருகிற ‘நான்’ ஆதியிலிருந்து உள்ளே பூட்டிக் கிடந்த ஒருத்தி என்று நினைக்க இடமில்லை. விழித்திருக்கும்போது நாம் கட்டிக்கொண்ட ‘நான்’தான் கொஞ்சம் கொஞ்சமாக அங்கேயும் போய்ச் சேருகிறது.

சரி, அறைக்கு வருவோம்.

அந்தக் கனவில் உங்கள் மாமியார் இல்லவே இல்லை. அவர் அப்போது பக்கத்து அறையில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். டம்ளரைப் பிடுங்கியவரின் கை, முகம், வேகம் எல்லாம் நீங்கள் செய்து வைத்தவை. அறைந்தவளும் உங்கள் மனம், அறை வாங்கியவரும் உங்கள் மனம். இரண்டில் ஒன்றை மட்டும் ‘இது நான்’ என்று எடுத்துக்கொண்டு குற்றவாளிக் கூண்டில் ஏறி நிற்கிறீர்கள்.

அடிதடி கனவுகளில் சர்வசாதாரணம். 1966இல் கால்வின் ஹாலும் ராபர்ட் வான் டி காசிலும் அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள் 200 பேரிடம் வாங்கிய 1000 கனவுகளைப் பிரித்துப் பார்த்தார்கள். ஆண்களின் கனவுகளில் நூற்றுக்கு 47, பெண்களின் கனவுகளில் நூற்றுக்கு 44 கனவுகளில் ஏதாவது ஒரு சண்டை, திட்டு, துரத்தல் இருந்தது. அந்தப் பிள்ளைகள் எல்லாம் பகலில் சாதுவாக வகுப்பில் உட்கார்ந்திருந்தவர்கள்தான்.

வருத்தம் வரவில்லையே என்று எழுதியிருக்கிறீர்கள். வருத்தப்படுவதற்கு ஒருவர் தன்னிடமிருந்து ஓர் அடி பின்னால் போய் நின்று, ‘நான் என்ன செய்துவிட்டேன்’ என்று பார்க்க வேண்டும். கனவில் அந்த ஓர் அடி கிடைப்பதில்லை. கண் விழித்ததும் கிடைத்தது, காபி சிந்தியது. 1600 வருஷத்துக்கு முன்னால் அகஸ்டின் என்ற கிறிஸ்தவத் துறவி இதே கேள்வியோடு தவித்திருக்கிறார். தூங்கும்போது நான் நானாக இல்லையா, விழிப்பில் மறுப்பதைக் கனவில் எப்படி ஒப்புக்கொள்கிறேன் என்று கடவுளிடமே கேட்டார். அவரும் ஒன்றைக் கவனித்து எழுதினார்: விழித்ததும் மனசாட்சி அமைதிக்குத் திரும்புகிறது, அதை நாம் செய்யவில்லை என்று தெரிந்துகொள்கிறது.

நம் பக்கத்தில் இதைக் கணக்குப் போட்டே வைத்திருக்கிறார்கள். சைவ சித்தாந்தம் படித்தவர்கள் வீட்டில் இருந்தால் ஐந்து அவத்தை, அதாவது உயிரின் ஐந்து நிலைகள் பற்றிக் கேட்டுப் பாருங்கள். நனவில் உயிர் புருவ நடுவில் 35 கருவிகளோடு நிற்கிறது. கனவில் ஐந்து அறிவுப் பொறிகளும் ஐந்து தொழிற் பொறிகளும் அங்கேயே நின்றுவிட, மீதி 25ஓடு கழுத்துக்கு இறங்குகிறது. ஆழ்ந்த உறக்கத்தில் இதயத்தில், மூன்றோடு. இந்த இடக்கணக்குக்கும் நரம்பியலுக்கும் முடிச்சுப் போட நான் விரும்பவில்லை, அப்படிப் போடுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்கூட வரும். ஆனால் பார்த்த விதம் எனக்குப் பிடித்திருக்கிறது. கனவில் வருவது வேறு ஓர் உயிர் என்றோ, அதுதான் நிஜ உயிர் என்றோ அவர்கள் சொல்லவில்லை. அதே உயிர், கருவிகள் குறைவு.

இப்போது டம்ளர்.

மேலே சொன்னதை எல்லாம் வைத்துக்கொண்டு, ‘கனவு வெறும் குப்பை, தூக்கிப் போடுங்கள்’ என்று நான் சொல்லிவிட்டால் அதுவும் தப்பு. நினைவும் நிதானமும் வராமல் போகலாம். உணர்ச்சி வரும். விழித்திருக்கும்போது எது நம்மை அரித்துக்கொண்டிருக்கிறதோ அது கனவிலும் தலைகாட்டுகிறது என்பது கனவுக் குறிப்புகளை ஆண்டுக்கணக்கில் சேர்த்து ஆராய்ந்தவர்கள் திரும்பத் திரும்பப் பார்த்தது. கடிதத்தின் ஒரு வரியில் கனவில் மாமியார் டம்ளரைப் பிடுங்கினார் என்கிறீர்கள். இரண்டு மூன்று வரி தள்ளி, போகிக்கு அது எடைக்குப் போனது, எதுவும் சொல்லவில்லை என்கிறீர்கள். இரண்டையும் சேர்த்துப் பார்க்காமலே தாண்டிப் போய்விட்டீர்கள். நான் ஜோசியம் சொல்லவில்லை, இது என் ஊகம்தான். உங்களுக்கு மாமியார்மேல் வெறுப்பு இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. அப்பா பேர் வெட்டிய டம்ளர் போனதில் உங்களுக்குக் கோபம் இருக்கிறது என்று மட்டும் தெரிகிறது. அது நியாயமான கோபம். அந்தக் காலத்தில் பாத்திரக் கடையில் உட்கார்ந்து, உளியால் தட்டித் தட்டி இனிஷியலோடு பேர் வெட்டுவார்களே, அந்த எழுத்தை விரலால் தடவிப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அது எடைக்குப் போட்ட சாமான் இல்லை.

அறைந்ததற்கு மன்னிப்புக் கேட்க வேண்டாம், கனவை அவரிடம் சொல்லவும் வேண்டாம். சொன்னால் வீட்டில் ஒரு வாரத்துக்கு அதுதான் பேச்சாக இருக்கும். டம்ளரைப் பற்றி மட்டும் சொல்லலாம். ‘அத்தை, அந்த எவர்சில்வர் டம்ளர் அப்பாவோடது. போனது எனக்குக் கஷ்டமா இருந்துச்சு’ என்று, சண்டை தொனி இல்லாமல், அடுப்படியில் இரண்டு பேரும் தனியாக இருக்கும் ஒரு நேரத்தில். இருபத்து நாலு வருஷமாகக் குரலை உயர்த்தாமல் இருப்பது உங்கள் குணம், நடிப்பு இல்லை. ஆனால் குரலை உயர்த்தாமலும் ஒரு விஷயத்தைச் சொல்ல முடியும்.

மாத்திரை. ப்ரொப்ரனலால் மைக்ரேனுக்கு நல்ல மருந்து, நானும் எழுதிக் கொடுக்கிறேன். கொழுப்பில் கரைந்து மூளைக்குள் எளிதாகப் போகும் மருந்து என்பதால், சிலருக்கு அழுத்தமான கனவுகளும் கெட்ட கனவுகளும் வரும். இது தெரிந்த பக்கவிளைவுதான். நீங்கள் மாத்திரை தொடங்கி ஆறு மாதம், கனவு கூடி நாலைந்து மாதம். எழுதிக் கொடுத்த டாக்டரிடம் இதைச் சொல்லுங்கள், அளவையோ மருந்தையோ மாற்றுவதை அவர் பார்த்துக்கொள்வார். நீங்களாகத் திடீரென்று நிறுத்திவிட வேண்டாம், நெஞ்சு படபடப்பு வந்துவிடும். 47 வயது என்கிறீர்கள். மாதவிடாய் தள்ளிப்போவது, ராத்திரி வியர்த்து விழிப்பது எல்லாம் இருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கனவு நடுவே விழிப்பவர்களுக்குத்தான் கனவு ஞாபகம் இருக்கும். விழிக்காமல் தாண்டிப் போனால் அந்தக் கனவின் சுவடே இருக்காது. ஆகவே உங்களுக்குக் கனவு கூடியிருக்கிறதா, ஞாபகம்தான் கூடியிருக்கிறதா என்பதே ஒரு கேள்வி.

இதை வாசிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. கனவில் அடிப்பது வேறு, கனவு கண்டுகொண்டே பக்கத்தில் படுத்திருப்பவரை நிஜமாக அடிப்பது, உதைப்பது, கட்டிலிலிருந்து குதிப்பது வேறு. உடம்பைத் தண்டுவடத்தில் கட்டிவைக்கும் அந்தத் தடுப்பு பழுதானால் அப்படி நடக்கும். 1986இல் அமெரிக்காவின் மினியாபொலிஸ் மருத்துவர்கள் இதைத் தனி நோயாக விவரித்தார்கள். ஐம்பது வயதைத் தாண்டிய ஆண்களிடம் அதிகம். பின்னால் பார்க்கின்சன் என்ற நடுக்க நோய் வருவதற்கான முன்னறிகுறியாகவும் இது இருக்கலாம், மனச்சோர்வுக்கான சில மருந்துகளாலும் வரலாம். வீட்டில் யாருக்காவது இப்படி இருந்தால், ‘பேய்க்கனவு’ என்று தாயத்துக் கட்டி விட்டுவிடாமல் நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

கடைசியாக உங்கள் பின்குறிப்பு. நேர்மையாகச் சொல்வதென்றால், பதில் எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

வழி இருக்கிறது, உத்தரவாதம் இல்லை. கனவுக்குள்ளேயே ‘இது கனவு’ என்று தெரிந்துகொள்வது சிலருக்கு அடிக்கடியும், பலருக்கு வாழ்க்கையில் ஓரிரு தடவையும் நடக்கிறது. அந்த நேரத்தில் லீவு போட்ட மேனேஜர் ஒரு நிமிஷம் கிளைக்குள் எட்டிப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘நான் யார், எங்கே படுத்திருக்கிறேன், என்ன செய்ய நினைத்திருந்தேன்’ என்பது கனவு கலையாமலே திரும்ப வருகிறது. இது கட்டுக்கதை இல்லை. 1975இல் இங்கிலாந்தில் கீத் ஹெர்ன் என்பவரும், பிறகு அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டில் ஸ்டீபன் லபெர்ஜும், தூங்குகிறவர் முன்பே பேசி வைத்தபடி கனவுக்குள்ளிருந்து கண்ணை இடவலமாக அசைத்துச் சைகை கொடுப்பதைக் கருவியில் பதிவு செய்தார்கள். 2021இல் வெளிவந்த ஓர் ஆய்வில், தூங்கிக்கொண்டிருந்த ஒருவரிடம் எட்டிலிருந்து ஆறு போனால் எத்தனை என்று கேட்டார்கள். தூக்கத்திலேயே கண்ணை இரண்டு தடவை இடவலமாக அசைத்தார்.

லபெர்ஜ் சொல்லிக்கொடுத்த முறை எளிது. விடியற்காலை ஒருமுறை எழுந்து, கொஞ்ச நேரம் விழித்திருந்து, ‘அடுத்த தடவை கனவு காணும்போது இது கனவு என்று எனக்கு ஞாபகம் வர வேண்டும்’ என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு, பழைய கனவு ஒன்றை நினைத்துக்கொண்டு மறுபடி படுப்பது. ஏன் விடியற்காலை? தூக்கம் ஏறக்குறைய தொண்ணூறு நிமிஷச் சுற்றுகளாக ஓடுகிறது. முதல் சுற்றில் ரெம் சில நிமிஷம்தான். விடிய விடிய அது நீண்டுகொண்டே போகும். நாலரைக்கு எழுந்து மறுபடி படுக்கிறவர் நேராக அந்த நீண்ட கனவு நேரத்துக்குள்தான் போய் இறங்குகிறார். உலகத்தில் பலர் அலாரம் வைத்துக் கஷ்டப்பட்டுச் செய்கிற காரியத்தை உங்கள் தெருக்குழாய் மூன்று நாளைக்கு ஒருமுறை உங்களுக்குச் செய்து கொடுத்துக்கொண்டிருக்கிறது.

இரண்டு எச்சரிக்கை. தண்ணீர் வராத நாட்களில் இதற்காக எழுந்திருக்காதீர்கள், தூக்கம் கெட்டால் மைக்ரேன் கிளம்பிவிடும். அடுத்தது கொஞ்சம் கஷ்டமானது. கனவில் அப்பா ஏதாவது சொன்னால், அதைச் சொல்வது உங்கள் மனம். மாஸ்க்குக்குள் அவர் சொன்னது அதுதான் என்று எடுத்துக்கொள்ள முடியாது. அதை வைத்து நிலம், நகை, யாருக்கு என்ன சேர வேண்டும் என்று எந்த முடிவும் எடுக்க வேண்டாம். அதற்காகக் கேட்காமல் இருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பதினோரு வருஷமாகக் கேட்க நினைத்ததை அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டுவிட்டால், பதில் எதுவாக இருந்தாலும், காலையில் மனம் கொஞ்சம் லேசாக இருக்கலாம்.

கனவு என்று கண்டுபிடிக்க ஓர் அடையாளம் வேண்டும். விழித்த வாழ்க்கையில் இல்லாதது, கனவில் மட்டும் வருவது என்று ஒன்றைப் பிடித்துவைத்துக்கொள்ளச் சொல்வார்கள். அப்பாவையே அடையாளமாக வைக்கலாம் என்று முதலில் நினைத்தேன். ஆனால் அவர் இறந்தது அங்கே உங்களுக்கு எட்டுவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், அது பெரிய விஷயம், சுலபத்தில் எட்டாது. சின்னதாக ஒன்று உங்களிடம் இருக்கிறது. அடுத்த முறை தண்ணீர் பிடித்து, கடைசிக் குடத்தையும் மூடி வைத்துவிட்டுப் படுக்கும்போது, பேர் வெட்டிய அந்த டம்ளரை நினைத்துக்கொள்ளுங்கள். அது போகியோடு போய்விட்டது, இனி எந்த வீட்டு அலமாரியிலும் உங்கள் கண்ணில் படப்போவதில்லை. ஆகவே அதைக் கையில் பார்த்தால் நீங்கள் தூங்கிக்கொண்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். அப்படியே திரும்பித் திண்ணைக்குப் போங்கள்.